பாடாங் செராயில் இருந்து பன்னாட்டு மேலாண்மை ஆய்வு: கேட்பவர்களுக்கு மொத்தமாக ஒரு பதில்

எனக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "அக்கா, இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட்ல மாஸ்டர் பண்றேன், இப்ப எந்த டாபிக் சூடா போகுது?" கேட்பவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்துப் பிள்ளைகள். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம், சுங்கை பட்டாணி. வாரம் முழுக்க ஃபேக்டரியிலோ வங்கியிலோ வேலை, சனி ஞாயிறு வகுப்பு. நானும் அப்படிப் படித்தவள்தான். கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்தேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான்.

சூடான டாபிக் என்றால் பதில் சுலபம். புவிசார் அரசியல், விநியோகச் சங்கிலி, நிலைத்தன்மை, செயற்கை நுண்ணறிவு. எந்த மாநாட்டு அறிவிப்பை எடுத்துப் பார்த்தாலும் இந்த நாலும் இருக்கும். ஆனால் நீங்கள் டாபிக் பதிவு செய்யும் நாளில் சூடாக இருப்பது, நீங்கள் எழுதி முடிக்கும் நாளில் ஆறி அவலாகிவிடும். 2025-ஐப் பாருங்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி மலேசியப் பொருள்களுக்கு 24 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்தார், ஜூலையில் 25 என்று கடிதம் வந்தது, ஆகஸ்ட்டில் 19 ஆனது, அதிலும் செமிகண்டக்டருக்கு அப்போதைக்கு விலக்கு. நாலு மாதத்துக்குள் மூன்று எண். "24 சதவீத வரியின் தாக்கம்" என்று ஏப்ரலில் தலைப்பு எழுதியவர் நெறியாளர் கையெழுத்துப் போடுவதற்குள் தலைப்பை மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

அதனால் நான் சொல்வது, நிகழ்ச்சியைப் பிடிக்காதீர்கள், அந்த நிகழ்ச்சிக்குள் எது மறுபடி மறுபடி நடக்கிறதோ அதைப் பிடியுங்கள். வரி எத்தனை சதவீதமாக இருந்தாலும், தலைமையகம் ஒரு முடிவை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே கிளை நிறுவனத்தில் இருப்பவர்கள் மோப்பம் பிடித்துத் தயாராகிறார்களே, அது எப்படி நடக்கிறது? யார் முதலில் தெரிந்துகொள்கிறார்? கொள்முதல் பிரிவா, கணக்குப் பிரிவா, இல்லை மெஷின் ஆர்டர் ரத்தானதைப் பார்த்த டெக்னீஷியனா? இந்தக் கேள்வி 2018-இல் அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டை தொடங்கியபோதும் பொருந்தியது, கோவிட்டிலும் பொருந்தியது, இனி எது வந்தாலும் பொருந்தும்.

அடுத்து என்ன ஆராய்வது என்ற பதற்றம் இந்தத் துறைக்கே உண்டு, நமக்கு மட்டும் இல்லை. 2002-இலேயே பன்னாட்டு வணிக ஆய்வாளர் பீட்டர் பக்லி, துறையின் ஆய்வுத் திட்டம் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டு முதலீடு ஏன் ஓடுகிறது, பன்னாட்டு நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது, நிறுவனங்கள் எப்படி வெளியே பரவுகின்றன என்ற பெரிய கேள்விகளுக்கு ஓரளவு பதில் சொல்லியாயிற்று, இனி அதே அளவுக்குப் பெரிய கேள்வி எது என்பதுதான் அவர் கவலை. 2017-இல் அவரே இன்னும் இருவரோடு சேர்ந்து, பருவநிலை, வறுமை, குடிபெயர்வு மாதிரி உலகப் பிரச்சினைகளைக் கையில் எடுங்கள் என்று எழுதினார். இப்போது எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு, முன்னுரையில் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் இரண்டைச் சேர்த்துவிட்டு உள்ளே அதே பழைய சர்வேயைப் போடுகிறார்கள். அது வேறு கதை.

நம் பிள்ளைகள் பலரிடம் ஒரு தயக்கமும் உண்டு. ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த நான் பன்னாட்டு நிறுவனத்தைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறேன் என்று. ஏன், அந்தக் காலத்துத் தோட்டமே பன்னாட்டு நிறுவனம்தானே! கம்பெனி பதிவானது லண்டனில், இயக்குநர் சபை லண்டனில், பங்குதாரர்கள் அங்கே, மரமும் மனுஷனும் இங்கே, நடுவில் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ தோட்டத்தை நிர்வகிக்க ஒரு ஏஜென்சி ஹவுஸ். சொந்த நாட்டில் ஒரு தொழிலும் இல்லாமல், வெளிநாட்டில் தொழில் நடத்துவதற்கென்றே பதிவான இப்படிப்பட்ட கம்பெனிகளை ஒரு தனி வகையாகப் பிரித்துக் காட்டியவர் மீரா வில்கின்ஸ், 1988-இல். ரப்பர் கம்பெனிகள் பல இந்த வகையில்தான் வரும்.

என் பெரியப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். லண்டன்காரர்கள் சார்பில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க விசிட்டிங் ஏஜெண்ட் வருவார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் முன்கூட்டியே தொழிலாளர் லயத்துக்கு வெள்ளையடிப்பார்களாம், ரப்பர் பால் பிடிக்கும் உடைந்த மங்குகளை மாற்றுவார்களாம், ரோட்டை ஒட்டிய மர நிரைகளில் மட்டும் புல் வெட்டுவார்களாம். தோட்ட மேலாளரான துரை அவரை ஜீப்பில் ஏற்றி அந்த நிரைகள் வழியாகவே ஓட்டிக்கொண்டு போவார். ஏஜெண்ட் திருப்தியாக அறிக்கை எழுதிவிட்டுப் போவார். பெரியப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். தலைமையகத்துக்கும் கிளைக்கும் இடையே தகவல் எப்படி வடிகட்டப்படுகிறது என்பது பன்னாட்டு மேலாண்மையில் ஒரு பெரிய கிளைத் துறை. எங்கள் ஃபேக்டரியிலும் அமெரிக்காவில் இருந்து ஆள் வரும் முன் நடைபாதையின் மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்போம், அவர் நடக்கும் வழியில் மட்டும். இதில் நான் படித்து எழுதிய எதுவும் பெரியப்பாவுக்குப் புதிதாக இருந்திருக்காது.

அப்புறம் 1981. செப்டம்பர் 7 காலை லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் பங்குகளை வாங்கிக் குவித்து, தோட்டங்களை வைத்திருந்த கத்ரி (Guthrie) கம்பெனியின் கட்டுப்பாட்டை மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. எடுத்துக்கொண்டது. 1821-இல் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி ஒரே காலையில் கை மாறியது. ஆனால் வளரும் நாட்டு நிறுவனங்கள் பணக்கார நாட்டுக் கம்பெனிகளை வாங்குவது பற்றிய ஆய்வுகள் குவிந்தது 2000-க்குப் பிறகுதான், சீனாவையும் இந்தியாவையும் பார்த்து. அதிகம் மேற்கோள் காட்டப்படும் லுவோ, ரோசலி டங் கட்டுரை வந்தது 2007-இல். அதைக் குறை சொல்லவில்லை, நல்ல கட்டுரை. ஆனால் "புதிய போக்கு" என்று எதையாவது படித்தால், இது நம் ஊரில் முன்பே நடந்திருக்கிறதா என்று ஒரு தரம் வீட்டுப் பெரியவர்களிடமும் ஆவணக் காப்பகத்திலும் பார்த்துவிடுங்கள். பழைய கதையும் ஒரு தரவுதான், அதைக் கையில் வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை.

சரி, இப்போது எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். பண்பாட்டு எண்கள்.

மலேசியா என்று எழுதியவுடன், நாடுகளின் பண்பாட்டுக்கு எண் போட்ட டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டீடை எடுத்து "அதிகார இடைவெளி 104" (மேல் கீழ் வேறுபாட்டை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்ற எண்) என்று போடாத ஆய்வேட்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த சுமார் 1,16,000 படிவங்களில் இருந்து வந்தது அந்த அளவுகோல். 1980-இல் வந்த முதல் புத்தகத்தில் இருந்தது 40 நாடுகள், மலேசியா அதில் இல்லை. அளவுகோலை 0 முதல் 100 வரை என்று அந்த நாடுகளுக்காக அமைத்திருந்தார்கள், பின்னால் சேர்ந்த மலேசியா அதைத் தாண்டி 104-இல் போய் நின்றது. அமெரிக்காவுக்கு 40. இந்தியாவுக்கு 77. ஆக, மலேசியாக்காரன் மேலதிகாரியை எதிர்த்துப் பேசமாட்டான், முடிந்தது கதை.

எங்கள் நிறுவனத்தில் தலைமையகத்தோடு வீடியோ கூட்டம் ராத்திரி பத்து மணிக்கு நடக்கும், அங்கே காலை பத்து. ஒரு கூட்டத்தில் ஷிப்ட் முறையை மாற்றப் போவதாக அவர்கள் சொன்னார்கள். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் சீன என்ஜினியர், மலாய் மேனேஜர், தமிழ் சூப்பர்வைசர், நான், எல்லார் மைக்கும் அணைந்திருந்தது. ஆட்சேபம் இல்லை என்று குறிப்பு எழுதிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்த கையோடு எங்கள் வாட்ஸ்அப் குழு வெடித்தது. பஸ் நேரம் ஒத்துவராது, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் இடிக்கும், ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் இருட்டில் நிற்க வேண்டிவரும் என்று அடுக்கடுக்காக. விடிவதற்குள் மேனேஜர் அதையெல்லாம் பட்டியலாக்கி, தலைமையகத்தில் தனக்கு வேண்டிய ஒருவருக்குத் தனியாக அனுப்பி, வாரக் கடைசியில் திட்டம் சத்தமில்லாமல் மாறிவிட்டது. இதை 104 என்பதா? எதிர்ப்பு இருந்தது, வந்த பாதைதான் வேறு. கூட்டத்தை மட்டும் பார்த்த ஆய்வாளர் மௌனத்தைத்தான் எழுதுவார்.

1941-ஐயும் நினைத்துப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச்.நாதன் முன்னின்று நடத்திய போராட்டத்தில், சம்பள உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரையோ தோட்டத்து அதிகாரியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அதிகார இடைவெளி எங்கள் ரத்தத்தில் ஊறியது என்றால் இந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது?

ஹோஃப்ஸ்டீடே, நாட்டு அளவு எண்ணைத் தனி ஆள் மேல் ஒட்டாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார், அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. 2002-இல் மெக்ஸ்வீனி எழுதிய விமரிசனத்தையும் கட்டாயம் படியுங்கள். பாகிஸ்தானில் முதல் சுற்றில் பதில் சொன்னவர்கள் 37 பேர் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். 37 பேர் ஒரு நாடு!

என் ஆய்வில் நான் கண்டது, நாடு என்பது எங்கள் தளத்தில் ரொம்ப முரட்டு அளவுகோல் என்பதுதான். ஒரே லைனில் மலாய், சீனர், தமிழர், நேப்பாளி, வங்காளதேசி நிற்கிறார்கள். நேப்பாளித் தொழிலாளி லைன் லீடரை எதிர்த்துப் பேசாததற்கு அவர் ஊர்ப் பண்பாடு காரணம் என்று எழுதுவது சுலபம். அவருடைய வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது, இந்த வேலை போனால் சட்டப்படி வேறு இடத்தில் சேர முடியாமல் ஊருக்குத்தான் போக வேண்டும், ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கியிருக்கிறார். இது பண்பாடா, சட்டமா, கடனா? மூன்றையும் பிரித்துப் பார்க்காத ஆய்வு எனக்கு ஆய்வாகவே படவில்லை. நீங்கள் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்: "பண்பாடு" என்று எழுதக் கை போகும்போதெல்லாம், அங்கே ஒப்பந்தம், பெர்மிட், கடன் மூன்றில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தரவு சேகரிப்பு. இதில் நான் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள். மனிதவளப் பிரிவில் இருப்பதால் மாணவர்களின் கூகுள் படிவங்கள் என் மின்னஞ்சலுக்குத்தான் வரும். "அன்புடையீர், உங்கள் ஊழியர்களிடம் இதைச் சுற்றுக்கு விடவும்." நாங்களும் சுற்றுக்கு விடுவோம், நல்ல மனசோடுதான். யார் நிரப்புவார்கள்? ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள், அதுவும் சாப்பாட்டு நேரம் முடிகிற தறுவாயில், முதலில் இருந்து கடைசி வரை எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு 4. உற்பத்தித் தளத்தில் கைப்பேசிக்கே அனுமதி கிடையாது, அவர்கள் குரல் உள்ளே வரவே வராது. பிறகு பார்த்தால் ஆய்வேட்டில் "மலேசிய உற்பத்தித் துறை ஊழியர்கள்" என்று இருக்கும்.

ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே படிவத்தில், காரணத்தையும் விளைவையும் சேர்த்துக் கேட்டால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத்தான் வரும். "உங்கள் மேலதிகாரி நல்லவரா? நீங்கள் ஊக்கமாக இருக்கிறீர்களா?" அன்றைக்கு மனநிலை நன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஐந்து. இந்தக் கோளாறைப் பற்றித் துறையின் முதன்மை ஆய்விதழின் ஆசிரியர்கள் 2010-இல் தலையங்கமே எழுதினார்கள், இப்படி வரும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்போம் என்ற தொனியில். இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. முடிந்தால் ஊக்கத்தை ஆளிடம் கேளுங்கள், விளைவை வருகைப் பதிவேட்டில் இருந்தோ வேலை விட்டுப் போனவர் கணக்கில் இருந்தோ எடுங்கள். பதிவேடு கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் பெயர்களை நீக்கிக் கொடுங்கள் என்று கேட்டால் சில நிறுவனங்கள் இறங்கி வருகின்றன.

நான் நேர்காணல் பக்கம் போனேன். அதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நம் நாட்டுத் தொழிலாளர்கள் தணிக்கைக்குப் பழகிவிட்டார்கள்.

2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில், மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை (பாமாயில்) நிறுவனங்களின் எண்ணெயையும் ஒரு பெரிய கையுறை நிறுவனத்தின் பொருள்களையும் உள்ளே விடாமல் தடுத்தது. அதற்குப் பிறகு எல்லா நிறுவனத்துக்கும் பயம் வந்தது. கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அறிகுறிகளைச் சுவரில் ஒட்டினார்கள். வாடிக்கையாளர் தணிக்கை, மூன்றாம் தரப்புத் தணிக்கை, உள் தணிக்கை என்று வரிசையாக ஆள் வருகிறது. நல்லதும் நடந்திருக்கிறது, ஆள் சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த நிறுவனங்கள் உண்டு, விடுதிகளும் சில இடங்களில் மாறியிருக்கின்றன. ஆனால் ஆய்வாளருக்கு இதில் ஒரு பக்க விளைவு. கோப்பும் அடையாள அட்டையும் வைத்துக்கொண்டு யார் வந்து உட்கார்ந்தாலும் தொழிலாளி தணிக்கைப் பதிலைத்தான் சொல்வார்.

ஒரு விடுதியில் ஒரு நேப்பாளி இளைஞரிடம் பேசினேன். பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. சாப்பாடு எப்படி என்றுதான் கேட்டேன். அவர் எழுந்துபோய் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து, என் முன்னால் வைத்து, "ஐ கீப் மைசெல்ஃப், மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. யாரோ பலமுறை அதையே கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை நான் இன்னொரு ஆடிட்டர்.

அதன் பிறகு கோப்பை விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். நிறுவனத்தின் பெயர் போட்ட அட்டையும் கழுத்தில் கிடையாது. கேள்வியை நிபந்தனையில் இருந்து தொடங்காமல் நாளில் இருந்து தொடங்கினேன்: நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பஸ் எங்கே நின்றது, லைனில் யார் பக்கத்தில் நின்றீர்கள், மெஷின் நின்றபோது யாரைக் கூப்பிட்டீர்கள், அவர் என்ன சொன்னார். ஒரு முழு நாளைச் சொல்லச் சொன்னால் ஒப்பிக்க முடியாது, ஏனென்றால் அதற்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கே பேசுகிறோம் என்பதும் முக்கியம். மனிதவள அறையில் பேசினால் மனிதவளப் பதில், மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் பேசினால் வேறு பதில். சம்பளம் போட்ட வார ஞாயிறுதான் நல்ல நேரம், அன்றைக்குத்தான் ஓ.டி. இல்லாமல் கடைத்தெருவில் இருப்பார்கள். சம்பளத்துக்கு முந்திய வாரம் போகாதீர்கள், எல்லாக் கேள்விக்கும் பணம்தான் பதிலாக வரும். ஆனால் ஒன்று, நீங்கள் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் நிறுவனத் தொழிலாளியைப் பேட்டி எடுக்காதீர்கள். அவரால் உங்களிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நான் வேறு நிறுவனங்களுக்குத்தான் போனேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் இதைத்தான் முதலில் கேட்கும்.

செம்பனைப் பக்கம் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு இப்போது நல்ல காலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு எதிர்ப்புச் சட்டம் 2023-இல் வந்தது. செம்பனை, ரப்பர், கொக்கோ, காப்பி, சோயா, மரம், மாடு என்று ஏழு பண்டங்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததை ஐரோப்பாவில் விற்க முடியாது, நிலம் எங்கே இருக்கிறது என்று புவியிடக் குறிப்பும் கொடுக்க வேண்டும். அமல் தேதி ஒரு தடவைக்கு மேல் தள்ளிப் போனது. ஆனால் கேள்வி இப்போதே உயிரோடு இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு மாமா கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறார், குலையை இடைத்தரகரிடம் போடுகிறார், தரகர் பல பேருடைய குலையை ஒரே லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறார். எந்தக் குலை யாருடையது என்பது லாரி ஏறிய நிமிடமே போய்விட்டது. புவியிடக் குறிப்பு கேட்டு ஆலை தாள் அனுப்பியபோது மாமா தாளை என்னிடம் கொண்டு வந்து, "இது வரி சமாச்சாரமா?" என்று கேட்டார். புருசெல்ஸில் எழுதிய ஒரு விதி, ரோட்டர்டாம் துறைமுகம், ஆலை, தரகர் என்று இறங்கி வந்து ஒரு கிழவர் கையில் தாளாக நிற்கிறது. சங்கிலியின் மேல் முனையைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. தரகர் என்ன செய்கிறார், அவர் எந்தக் குலையை எடுக்கிறார், எதைத் தவிர்க்கிறார், எந்த விலைக்கு என்று போய்ப் பார்த்து எழுதியவர் குறைவு. மலாயும் தமிழும் ஹொக்கியன் சீனமும் காதில் விழுந்தால் புரிகிற ஒருவரால் அதைச் செய்ய முடியும். கேட்கிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் டாபிக் இதுதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி அனுப்பினால் மதிப்பீட்டாளர் முதல் கேள்வி கேட்பார்: "ஏன் மலேசியா?" ஒஹாயோவில் எடுத்த தரவுக்கு ஏன் ஒஹாயோ என்று யாரும் கேட்பதில்லை. கோபம் வரும். உளவியல் ஆய்வுகளின் மாதிரிகளில் 96 சதவீதம், உலக மக்கள் தொகையில் 12 சதவீதமே இருக்கிற நாடுகளில் இருந்து வந்தவை என்று ஹென்ரிக்கும் கூட்டாளிகளும் 2010-இல் எடுத்துக் காட்டினார்கள். அதை மேற்கோள் காட்டிச் சண்டை போடலாம், நியாயமும் நம் பக்கம்தான், ஆனால் கட்டுரை ஏறாது. கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவது மேல். "மலேசியாவில் இதுவரை யாரும் செய்யவில்லை" என்பது பதில் இல்லை. "ஒரே கூரைக்குக் கீழே பல நாட்டுத் தொழிலாளர்கள், அவர்களில் சிலருக்கு மட்டும் பெர்மிட் கட்டுப்பாடு, ஆகவே பண்பாட்டையும் சட்டத்தையும் பிரித்துப் பார்க்க இங்கே முடிகிறது, மற்ற இடத்தில் கஷ்டம்" என்பது பதில். பின்புலத்தை மன்னிப்புக் கேட்கும் பத்தியாக எழுதாமல் வாதத்தின் அங்கமாக எழுதினால் மதிப்பீட்டாளர்கள் அடங்கிவிடுகிறார்கள். நேர்காணல் வைத்து எழுதுபவர்கள் கேத்தரின் வெல்ச் குழுவினரின் 2011 கட்டுரையையும், அதே ஆண்டு பர்க்கின்ஷா, பிரானன், டங் எழுதியதையும் படித்துவிட்டு உட்காருங்கள், வாதாடத் தெம்பு வரும்.

ஆய்விதழ் விஷயம் சுருக்கமாக. பல்கலைக்கழகத்துக்கு எண்ணிக்கை வேண்டும், பட்டத்துக்கு ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை கேட்கிறார்கள், இந்த அவசரத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். "மரியாதைக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, சில நாளில் ஏற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கேட்கிற இதழை விட்டு ஓடுங்கள். ஸ்கோப்பஸில் இருந்த இதழே பாதியில் நீக்கப்படுவதும் உண்டு, அனுப்பும் நாளில் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள், மூத்த மாணவர் சொன்னார் என்று நம்பாதீர்கள். முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் எண்ணைப் பிசையாதீர்கள். 2015-இல் உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது சுமார் 36 சதவீதத்தில்தான் முந்திய முடிவு தேறியது. அந்த அதிர்ச்சி நம் துறைக்கும் வந்துவிட்டது, 2017 முதல் முதன்மை இதழே, புள்ளியியல் முக்கியத்துவத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு முடிவைத் தூக்கிக் காட்டும் பழக்கத்தைக் கைவிடச் சொல்கிறது. தொடர்பு இல்லை என்று வந்தால் இல்லை என்றே எழுதலாம், இப்போது அதற்கும் இடம் இருக்கிறது.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்கிறார்கள். நான் பயன்படுத்துகிறேன், ஆங்கில வாக்கியத்தைச் சீர் செய்ய. மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு, ஒவ்வொன்றையும் நூலகத் தளத்தில் தேடிப் பாருங்கள். நேர்காணல் ஒலிப்பதிவை மட்டும் அதில் ஏற்றாதீர்கள். நம் ஆட்கள் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுவதை அது தாறுமாறாக எழுதும் என்பது ஒரு பக்கம். அந்தத் தொழிலாளி உங்களை நம்பிச் சொன்னதை வெளிநாட்டு சர்வருக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை என்பது இன்னொரு பக்கம், அதுதான் பெரியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2010-இல் நிறைவேறி, 2013 முதல் அமலில் இருக்கிறது. ஒலிப்பதிவை நாமே கேட்டு எழுதுவது அலுப்புத்தான், ஆனால் எனக்கு நல்ல யோசனைகள் எல்லாம் அப்படிக் கேட்டுக்கேட்டு எழுதும்போதுதான் வந்தன.

கடைசியாக, அனுமதிக் கடிதம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பரவாயில்லை. நான் உள்ளே போய்ப் பேச ஒரு நிறுவனத்தின் மேலாளர் வாய் வார்த்தையாகச் சரி என்றார், நல்ல மனிதர், வேண்டிய உதவியும் செய்தார். பாதியில் அவரை வியட்நாம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள், பன்னாட்டு நிறுவனத்தில் அதுதானே வழக்கம். புதிதாக வந்தவர் இப்படி ஓர் ஆய்வு நடக்கிறதா என்று கேட்டார். எடுத்த நேர்காணல்களைப் பயன்படுத்தவே சட்டப் பிரிவு வரை போய் மாதக்கணக்கில் அலைய வேண்டியதாயிற்று. ஆகவே அனுமதியை ஆள் பெயரில் வாங்காமல் பதவியின் பெயரில், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். எதைப் பார்க்கலாம், எதை வெளியிடலாம், நிறுவனத்தின் பெயரை எப்படி மறைப்போம், வெளியிடும் முன் அவர்கள் பார்க்க எத்தனை நாள் அவகாசம், பதில் வராவிட்டால் என்ன என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு நகல் நெறியாளரிடம், ஒரு நகல் உங்களிடம். கடிதத்தின் மாதிரி வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது, கேளுங்கள், அனுப்புகிறேன்.